கம்பஸ் பிள்ளைகளின் உரிமை: லெட்டர் வந்த பிறகு ஓடுவதா, முன்பே சொல்லி வைப்பதா? (மட்டக்களப்பு, அம்பாறை)

பழைய_பிரதிநிதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படிக்கும் காலத்தில் பீடத்தின் விஷயங்களைப் பேசி முடிவெடுக்கும் பீடச் சபையில் மாணவர் பிரதிநிதியாக இருந்தவள் நான். இப்போது மட்டக்களப்பு நகரில் வேலை. ஆனாலும் வந்தாறுமூலைப் பக்கமிருந்தோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவில் பக்கமிருந்தோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) யாராவது ஒரு பிள்ளை "அக்கா, இப்படி ஒரு லெட்டர் வந்திருக்கு" என்று வட்ஸ்அப்பில் படம் அனுப்புவது நிற்கவில்லை. படத்தைத் திறந்தால் நான் முதலில் திகதியைத்தான் பார்ப்பேன். அனேகமாகப் பதில் கொடுக்க வேண்டிய நாள் கடந்திருக்கும். இல்லையென்றால் நாளைக்கு முடியும்.

பிரச்சினைகள் எல்லாம் பழையவைதான். வரவு 80 வீதத்துக்குக் கீழே என்று பரீட்சைக்கு விடவில்லை, மெடிக்கல் சான்றிதழ் கொடுத்தும் ஏற்கவில்லை, மஹாபொல உதவித்தொகை பிந்துகிறது, விடுதியை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள், விசாரணை முடியும்வரை வளாகத்துக்குள் வரவேண்டாம் என்று கடிதம். சிலவற்றில் விதி பிள்ளையின் பக்கமே இருக்கும், பிள்ளைக்குத்தான் தெரியாது. வேறு சிலவற்றில் விதி எதிராக இருந்தாலும் நேரத்தோடு முறையாகக் கேட்டிருந்தால் தண்டனையாவது குறைந்திருக்கும்.

அடுத்த பட்ச் வந்ததும் இரண்டு மணிநேர அமர்வு ஒன்று வைக்கலாமா என்று நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் எதைச் சொல்வது? இதை மாணவர் ஒன்றியத்தோடு சேர்ந்து செய்வதா, வெளியே நின்று செய்வதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_பார்வையாளன் எழுதியது:

ஆள் வராது அக்கா. புதுப் பிள்ளைகளுக்கு அறிமுக வாரத்தில் காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் பேச்சுத்தான். பீடாதிபதி பேசுவார், நூலகர் பேசுவார், மருத்துவ அதிகாரி பேசுவார். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையேடும் கொடுப்பார்கள், அது ஹொஸ்டல் மெத்தைக்குக் கீழே போய்விடும். பிரியாணி கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

ஒலுவில்_நானா எழுதியது:

பிரியாணியை விடுங்கள். அந்தக் கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பரீட்சை விதி, வரவு விதி, ஒழுக்க விதி எல்லாம் அனேகமாக அதற்குள்தான் கிடக்கிறது. மெடிக்கல் எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், விடைத்தாளை மீளப் பார்க்கக் கேட்கலாமா என்பதெல்லாம் கம்பஸுக்குக் கம்பஸ் வேறு. பேராதனையில் படிக்கும் மச்சான் சொன்னதை நம்பி ஒலுவிலில் நடந்தால் அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு விஷயம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பீடச் சபையில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. யாரும் தயவு பார்த்துக் கொடுத்த கதிரை இல்லை. பரீட்சைப் பெறுபேறு போன்ற விஷயங்கள் வரும்போது வெளியே போகச் சொல்வார்கள், அது சரி. மற்ற நேரம் நேர அட்டவணை, ஆய்வுகூடம், விரிவுரையாளர் வராத பாடம் எல்லாவற்றையும் அங்கே எழுப்பலாம். நான் கண்டவரை பிரதிநிதி போவார், பின்வரிசையில் இருப்பார், தேநீர் குடிப்பார், வருவார். கேட்டால் "எப்படிப் பேசுறது நானா, எல்லாம் எங்கட சேர்மார்" என்பார்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்லி வேலையில்லை. நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "ஏனையவை" வரும்போது எழும்பி நின்று பேசினால் "பார்ப்போம்" என்று முடிந்துவிடும். எழுத்தில் கொடுத்தது கூட்டக் குறிப்பில் ஏறும். ஏறினால் அடுத்த கூட்டத்தில் "அது என்ன ஆனது" என்று கேட்க ஒரு பிடி இருக்கும். அமர்வு வைப்பதென்றால் இருநூறு பேரைக் கூட்டுவதைவிட இந்தப் பிரதிநிதிகளை மட்டும் கூட்டி வைத்து ஒரு நாள் பழக்குங்கள்.

தோழர்_கிழக்கு எழுதியது:

எல்லாம் நல்லது. ஆனால் இந்த "வெளியே நின்று செய்வதா" என்ற கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு நம்முடைய மாவட்டங்களில் எத்தனை நிறுவனங்கள் வந்து எத்தனை "விழிப்புணர்வு" நடத்தின என்று எல்லோருக்கும் தெரியும். பதாகை, கோப்பு, பேனா, வரவுப் பதிவேட்டில் கையெழுத்து, குழுப்படம். ப்ரொஜெக்ட் முடிந்ததும் ஆளும் இல்லை, தொலைபேசி இலக்கமும் இல்லை.

விடுதி கேட்டுப் போராடியது யார்? இரவு பஸ் கேட்டது யார்? ஒன்றியம்தான். கடிதம் எழுதி எழுதிக் களைத்த பிறகு வாசலில் இருந்ததால்தான் அவை கிடைத்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக மனு எழுதக் கற்றுக் கொடுப்பது நல்ல விஷயமாகத் தெரியும். ஆனால் நூறு பேருக்குப் பொதுவான பிரச்சினையை நூறு ஃபைலாகப் பிரித்துவிட்டால் சந்தோஷப்படப் போவது நிர்வாகம். இதையும் யோசியுங்கள்.

பழைய_பிரதிநிதி எழுதியது:

தோழர், ஒன்றியத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் முறைப்பாடே ஒன்றியத்தில் இருக்கும் சீனியர் ஒருவருக்கு எதிரானது என்றால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்?

தோழர்_கிழக்கு எழுதியது:

அதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

நீதிமன்ற_வீதி எழுதியது:

சட்டத்துறையில் இருக்கிறேன், கல்முனை மட்டக்களப்பு இரண்டு பக்கமும் வேலை. பொதுவாக எழுதுகிறேன், தனிப்பட்ட வழக்குக்கு இது ஆலோசனை ஆகாது.

முதலில் கால எல்லை. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒரு மாதம் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை. "சேரிடம் பேசிப் பார்ப்போம்", "எம்.பி.யிடம் சொல்லிப் பார்ப்போம்" என்பதிலேயே அது போய்விடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, முறைப்பாட்டுக்குக் காசு இல்லை, தமிழில் எழுதலாம். ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவிடமிருந்து எழுத்தில் ஏதாவது வாங்கி வையுங்கள். நீதிமன்றம் அதைக் கேட்கும்.

தண்டனையை இரத்துச் செய்ய எழுத்தாணை கேட்பதென்றால் அது மேன்முறையீட்டு நீதிமன்றம், அதாவது கொழும்பு. வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஒரு குடும்பம் அதற்கு என்ன செலவழிக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு உதவும், கேட்டுப் பார்க்கலாம். ஆனாலும் என்னைக் கேட்டால், கொழும்பு வரை போகாமல் விசாரணை மேசையிலேயே காரியத்தை முடித்துக்கொள்வதுதான் புத்தி.

அங்கேதான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். என்ன குற்றம், எந்த விதியின் கீழ், எங்கே, எப்போது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளவும், தன் பக்கத்தைச் சொல்லவும், சார்பில்லாத ஆட்கள் விசாரிக்கவும் எல்லோருக்கும் உரித்து உண்டு. இயற்கை நீதி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தண்டனை கடுமையாக இருக்கும்போது இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முடிவு ஆட்டம் காணும். விசாரணைக்கு யாரையாவது கூட்டிப் போகலாமா என்பதை உங்கள் நிறுவனத்தின் ஒழுக்க விதியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

செங்கலடிச்சந்தி எழுதியது:

சட்டத்தரணி ஐயா சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன், பிள்ளை இன்னும் படிக்கிறான்.

எங்கள் ஊர்ப் பையன். அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம், காரணம் காட்டச் சொல்லி. அவன் அதைப் பல தடவை வாசித்திருக்கிறான், என்ன குற்றம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. சீனியர் ஒருவன் "சொறி கேட்டு எழுதிக் குடு, விட்டுடுவாங்க" என்று சொல்லியிருக்கிறான். அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதி முடித்து உறையிலும் போட்டுக்கொண்டு, "அண்ணா, இங்கிலீஷ் சரியா எண்டு மட்டும் பாருங்க" என்று செங்கலடியில் தேநீர்க்கடைக்கு வந்தான்.

நான் முதலில் வந்த கடிதத்தைக் கேட்டேன். மேசையில் விரித்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு போனோம். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று ஊழியர் ஒருவரோடு முறைகேடாகப் பேசியது, மற்றது ஒரு கூட்டத்தில் சேர்ந்து வழியை மறித்தது. எந்த நாள் என்று இல்லை. எந்த இடம் என்று இல்லை. விதி இலக்கம் இல்லை. இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினால் எதை ஒப்புக்கொண்டதாக ஆகும்? இரண்டையுமேதான்.

உறையைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதினோம், தமிழில், நாலைந்து வரி. சம்பவம் நடந்த திகதியையும் இடத்தையும் அறியத் தரவும். எந்த விதி மீறப்பட்டது என்று குறிப்பிடவும். எனக்கு எதிராகக் கிடைத்த அறிக்கையின் பிரதியைத் தரவும். இவற்றைத் தமிழில் தரவும். அவை கிடைத்த நாளிலிருந்து இரண்டு வாரம் அவகாசம் தரவும். வேறு எதுவும் இல்லை, "தாழ்மையுடன் மன்றாடுகிறேன்" கூட இல்லை. அவனுக்கு அது பயமாக இருந்தது. மரியாதையில்லாத கடிதம் மாதிரித் தெரியாதா அண்ணா என்று இரண்டு தரம் கேட்டான்.

அலுவலகத்தில் வாங்கினார்கள், பிரதியில் சீல் அடிக்க மாட்டோம் என்றார்கள். அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை வைத்துக்கொண்டான், இரவு ஈமெயிலும் அனுப்பினான். பிறகு திகதி போட்டுத் தமிழில் கடிதம் வந்தது. வழி மறித்ததாகச் சொன்ன அந்த நாளில் அவன் தாயைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் நின்றிருக்கிறான், கிளினிக் கொப்பியில் அதே திகதி. அந்தக் குற்றச்சாட்டு போய்விட்டது. ஊழியரோடு பேசியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது நடந்தது உண்மைதான், அவனே சொன்னான்.

மனுக்காரன் எழுதியது:

செங்கலடி அண்ணா சொன்ன "தமிழில் தரவும்" என்ற வரியைப் பலர் எழுதுவதே இல்லை. அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அரச நிறுவனத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. இங்கே படிக்கும் சிங்களப் பிள்ளைக்குச் சிங்களத்தில் கேட்கவும் அதே உரிமை.

தகவல் அறியும் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதற்குள் வரும், ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் ஆணைக்குழு.

கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "எனக்கு ஏன் மஹாபொல வரவில்லை" என்று கேட்டால் அது முறைப்பாடு, தகவல் அல்ல. "இந்த மாதத்துக்குரிய மாணவர் பட்டியல் மஹாபொல நிதியத்துக்கு அனுப்பப்பட்ட திகதி என்ன, அந்தக் கடிதத்தின் பிரதி தரவும்" என்று கேளுங்கள். கம்பஸ் நிதியத்தைக் காட்டும், நிதியம் கம்பஸைக் காட்டும். அனுப்பிய திகதி கையில் இருந்தால் யார் பக்கம் பிந்தியது என்று தெரிந்துவிடும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும் பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். கூட்டியது கைக்கு வந்து சேருவது வேறு கதை.

ஒன்றைக் கவனியுங்கள். பரீட்சையின் நேர்மைக்குப் பங்கம் வரக்கூடிய தகவலை மறுக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. வினாத்தாள் திருத்தியவர் யார் என்று கேட்டு மனுப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஏடிஐ_பிள்ளை எழுதியது:

நாங்கள் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) செய்கிறோம். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா? எங்களை யாரும் கம்பஸ் என்றே எண்ணுவதில்லை.

மனுக்காரன் எழுதியது:

தகவல் சட்டம் பொருந்தும், பகிடிவதைச் (ராக்கிங்) சட்டம் பொருந்தும், மனித உரிமை ஆணைக்குழு பொருந்தும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் மட்டும் போக வேண்டாம். உங்கள் நிறுவனம் 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கம் என்ற வேறு சட்டத்தின் கீழ் வருகிறது.

படுவான்கரை_அப்பா எழுதியது:

பிள்ளைகள் எழுதுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். எனது மகள் இரண்டாம் வருடம். நான் அவளுக்குச் சொல்லி அனுப்பியது "ஒன்றிலும் தலையிடாதே, படித்து முடித்துவிட்டு வா" என்பதுதான். உங்களுக்கு அது கோழைத்தனமாகத் தெரியலாம்.

1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது இனி எங்கள் பிள்ளைகள் இங்கேயே படிக்கலாம் என்று சந்தோஷப்பட்டோம். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி அதே வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. 2006 டிசம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே கொழும்பில் காணாமல் போனார். பழைய கதை என்பீர்கள். 2022இல் கொழும்பில் மாணவர் ஒன்றியத் தலைவர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருந்ததும் பழைய கதையா? தகப்பன்மார் பயப்படாமல் என்ன செய்வது?

உரிமை தெரிந்திருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அமர்வு வைத்தால் எங்களையும் கூப்பிடுங்கள். பிள்ளைக்கு மட்டும் சொன்னால் அது வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லாது.

தோழர்_கிழக்கு எழுதியது:

அப்பா, உங்கள் பயத்தை நான் ஒருபோதும் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பட்ச்_2018 எழுதியது:

எல்லாம் சரி, ஒரு விஷயத்தை நேராகக் கேட்கிறேன். உரிமை உரிமை என்று சொல்லிக் கடைசியில் ராக்கிங் முறைப்பாட்டில்தான் வந்து நிற்பீர்கள். பெயர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது, வெள்ளைச் சட்டை போடச் சொல்வது, இதெல்லாம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பழகத்தான். எங்கள் பட்சில் அப்படித்தான் ஒற்றுமை வந்தது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே சட்டையில் நின்றோம்.

ஒலுவில்_நானா எழுதியது:

தம்பி, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். உடலில் காயம் மட்டும் இல்லை, உளக் காயம், மனவேதனை, பயம் இவற்றை உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய செயலெல்லாம் பகிடிவதைதான். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருடம் வரை. அந்தச் சட்டம் வருவதற்கு முந்திய வருடம், 1997இல், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போன தமிழ்ப் பிள்ளை ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவரிடம் தோப்புக்கரணம் போடச் சொன்னவர்களும் பழகத்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

ஏழையும் பணக்காரனும் ஒரே சட்டையில் நிற்பது நல்லதுதான். அதற்கு இரவு பன்னிரண்டு மணிக்கு ஏன் எழுப்ப வேண்டும்?

நீதிமன்ற_வீதி எழுதியது:

அதே சட்டத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது, போராட்டம் பற்றிப் பேசிய தோழரும் கவனிக்க வேண்டும். பகிடிவதையோடு சேர்த்து "வேறு வன்முறைகள்" என்றும் அதில் இருக்கிறது. ஆட்களைத் தடுத்து வைத்தல், கட்டடத்தைப் பலவந்தமாகப் பிடித்து வைத்திருத்தல், சொத்துக்குச் சேதம். இவற்றுக்குச் சாதாரண பகிடிவதையைவிடக் கூடுதலான தண்டனை. கூடி நின்று கோஷம் போட உரிமை உண்டு. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு உள்ளே ஆளை இருத்தி வைத்தால் கதை வேறு. நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் போகும் பிள்ளைகளுக்கு இந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும். முன்வரிசையில் நிற்பது அனேகமாக முதலாம் வருடப் பிள்ளைதான், பின்னால் நிற்பவர் பெயர் ஃபைலில் வராது.

தோழர்_கிழக்கு எழுதியது:

கடைசி வரி சுடுகிறது. ஆனால் பொய் இல்லை.

பெயர்_வேண்டாம் எழுதியது:

இதற்கென்றே இந்தக் கணக்கைத் திறந்தேன். பெண் பிள்ளைகளின் விஷயம் யாரும் எழுதவில்லை.

எனது தோழி ஒருத்திக்கு ஒரு பாடத்தில் "சித்தியடைய வேண்டுமா, தனியாக வந்து பார்" என்று செய்தி வந்தது. எந்த நிறுவனம், யார் என்று எழுதமாட்டேன். மாணவர் ஆலோசகரிடம் சொன்னோம். அடுத்த நாளே அந்தப் பீடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை, யாரிடம் சொல்லலாம் யாரிடம் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியவில்லை. தோழி அதன்பிறகு முறைப்பாடே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அந்தச் செய்தியையும் அழித்துவிட்டாள்.

சட்டம் எங்களுக்குத் தேவைதான். அதற்கு முன்னால், வாயை மூடிக்கொண்டு கேட்கக்கூடிய ஒரு அக்கா தேவை. ஊர் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும்தானே. காத்தான்குடியில் ஒரு வீட்டில் பேசினால் ஏறாவூரில் உள்ள மாமி வீட்டுக்குப் போய்விடும்.

நீதிமன்ற_வீதி எழுதியது:

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. செய்தியை அழிக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது, போனிலேயே அப்படியே இருக்கட்டும். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். அதோடு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் இலஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் புள்ளிக்காக அப்படிக் கேட்டால் முறைப்பாட்டை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கே நேரடியாக அனுப்பலாம். பீடத்துக்குள் யாரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் பால்நிலைச் சமத்துவத்துக்கான நிலையம் ஒன்று இருக்கிறது. உள்ளூரில் ஆளைத் தெரிந்தவர்கள் நிறைந்திருக்கும்போது, தூரத்தில் இருக்கும் அலுவலகம் சிலவேளை வசதி.

சும்மா_பார்வையாளன் எழுதியது:

பிரியாணிப் பகிடிக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. நான் தட்டச்சு செய்து தருகிறேன், தமிழ் வேகமாக அடிப்பேன்.

பழைய_பிரதிநிதி எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். நண்பர்களோடும் பேசினேன். இரண்டு மணிநேர அமர்வைக் கைவிட்டாயிற்று.

நானா சொன்னபடி பீடச் சபைப் பிரதிநிதிகளுக்கு மட்டும் ஒரு நாள், நிகழ்ச்சி நிரலுக்கு எழுதிக் கொடுப்பது எப்படி, கூட்டக் குறிப்பை வாசிப்பது எப்படி என்று. அதை ஒன்றியத்தோடு சேர்ந்தே செய்வோம், தோழர் பேசித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பொதுவான பிரச்சினையை ஒன்றியம் எடுக்கட்டும்.

தனிப்பட்ட கடிதங்களுக்கு வெளியே ஒரு சின்னக் குழு. அலுவலகம், பதாகை, நிதி ஒன்றும் வேண்டாம். மட்டக்களப்பில் இரண்டு பேர், கல்முனைப் பக்கம் இரண்டு பேர், அதில் கட்டாயம் ஒரு பெண், ஒன்றியத்தில் பதவி வகிக்காதவர்கள். வேலை என்னவென்றால் லெட்டரைச் சேர்ந்து வாசிப்பது, திகதி பார்ப்பது, பதில் எழுத உதவுவது, பெயரை வெளியே விடாமல் இருப்பது. வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம் அனுப்பிவிடுவோம். பெயர்_வேண்டாம் தங்கச்சி, விருப்பமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள், விருப்பமில்லாவிட்டாலும் சரி.

செங்கலடி அண்ணாவின் அந்த நாலைந்து வரிக் கடிதத்தை மாதிரியாக எடுக்கிறோம். அதோடு மனுக்காரனின் மஹாபொலக் கேள்வி. இரண்டையும் ஒரு தாளில் அச்சடித்துப் புதுப் பட்சுக்குக் கொடுப்போம், வீட்டுக்கும் ஒரு பிரதி. படுவான்கரை அப்பா, கொக்கட்டிச்சோலையில் பெற்றோரைக் கூட்ட நீங்கள் இடம் பார்த்துத் தர முடியுமா?

ஒரு குறை இருக்கிறது. தாளின் மறுபக்கம் சிங்களத்தில் வேண்டும். எங்களில் யாருக்கும் கடிதம் எழுதுமளவுக்குச் சிங்களம் வராது.

படுவான்கரை_அப்பா எழுதியது:

பள்ளிக்கூட மண்டபம் கேட்டுப் பார்க்கிறேன் மகள். வேளாண்மை வெட்டு முடியட்டும், இப்போது கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

ஒலுவில்_நானா எழுதியது:

சிங்களம் நான் பார்க்கிறேன். அம்பாறையில் வேலை செய்த காலத்தில் பழகியது, எழுதவும் வரும். கூடப் படித்த சிங்கள நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்தியும் தருகிறேன். தமிழ்ப் பக்கத்தை வியாழனுக்குள் அனுப்புங்கள், வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து உட்காருகிறேன்.

சும்மா_பார்வையாளன் எழுதியது:

புதன் இரவே அனுப்புகிறேன் நானா. எழுத்துரு யூனிகோடில்தான் இருக்கும், பழைய பாமினி எழுத்துருவில் கேட்டு மண்டையை உடைக்க வேண்டாம்.